காது நரம்புக் கட்டி: சிகிச்சைச் சந்தை வளருது, நமக்கு என்ன கிடைக்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

பூந்தமல்லியிலிருந்து பேசுறேன். நேயர் ஒருத்தர் ஒரு சந்தை அறிக்கையோட சுருக்கத்தை அனுப்பியிருந்தார். அக்கூஸ்டிக் நியூரோமா சிகிச்சைச் சந்தை நல்லா வளரப் போகுதுன்னு அதில் இருக்கு. "இதனால நோயாளிக்கு என்ன பிரயோஜனம்?"னு கேட்டிருந்தார். இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விக்குத்தான்.

இது என்ன கட்டி?

உள்காதிலிருந்து மூளைக்குப் போற எட்டாவது நரம்புக்கு இரண்டு வேலை. ஒன்று கேட்பது, இன்னொன்று உடம்பைச் சமநிலையில் வைப்பது. சமநிலைக்கான கிளையைச் சுத்தியிருக்கிற உறையில் இந்தக் கட்டி வளருது. டாக்டர்கள் இப்போ வெஸ்டிபுலர் ஷ்வானோமான்னு எழுதுறாங்க. இது புற்றுநோய் இல்லை, உடம்பில் வேற இடத்துக்குப் பரவாது. சிக்கல் எங்கேன்னா, அது இருக்கிற இடத்தில். முகத்தை அசைக்கிற நரம்பு அதை ஒட்டியே போகுது. கட்டி பெரிசானா மூளைத்தண்டை அழுத்தும்.

எத்தனை பேருக்கு வரும்?

வழக்கமாச் சொல்ற கணக்கு, வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரில் ஒருத்தர். 2011 கணக்கெடுப்பில் பூந்தமல்லி நகராட்சியில் சுமார் 57 ஆயிரம் பேர். அப்போ நம்ம ஊருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருத்தர். 140 கோடி மக்களுக்குப் போட்டால் வருஷத்துக்கு 14 ஆயிரம். சர்க்கரை நோய் மாதிரியான பெரிய சந்தை இல்லை இது.

அப்புறம் ஏன் வளருது? டென்மார்க் நாட்டில் இந்தக் கட்டிக்குப் பல வருஷமாப் பதிவேடு வைச்சிருக்காங்க. 1976இல் பத்து லட்சம் பேருக்கு 3 பேர்னு இருந்தது, 2015இல் 34 ஆச்சு. எம்ஆர்ஐ வந்ததும் முன்னாடி தெரியாமலே போன சின்னக் கட்டிகள் கண்ணில் பட ஆரம்பிச்சுது. அதுதான் முக்கியமான காரணம். அதாவது, வளர்ச்சியில் பெரும்பங்கு கண்டுபிடிப்பில்.

பணம் எங்கே போகுது?

நாலு வழி இருக்கு.

முதல் வழி, காத்திருந்து பார்ப்பது. சின்னக் கட்டிகளில் நிறைய வருஷக்கணக்கில் வளராமலே இருக்கும். ஆறு மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும். இங்கே செலவு ஸ்கேனுக்கு மட்டும்தான்.

இரண்டாவது, ஆபரேஷன். பெரிய கட்டிகளுக்கு இதுதான். பல மணி நேரம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் செய்யணும், முக நரம்பைக் காப்பாத்தணும். இங்கே விலை அதிகமானது பழகின கைதான்.

மூன்றாவது, கதிர்வீச்சு. ஸ்டாக்ஹோமில் லார்ஸ் லெக்செல் உருவாக்கின காமா நைஃப்பில் கத்தியே கிடையாது. கோபால்ட் 60 கதிர்களை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே புள்ளியில் குவிப்பாங்க. அந்தக் கோபால்ட்டோட வீரியம் ஐந்தேகால் வருஷத்தில் பாதியாகிடும், அதனால் சில வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். சென்னையில் அப்பல்லோவில் 2009இல் சைபர் நைஃப் வந்தது, 2019இல் தரமணியில் புரோட்டான் மையம் திறந்தாங்க. சந்தை அறிக்கைகளுக்குப் பிடிச்ச பகுதி இதுதான், ஏன்னா விற்கிறதுக்கு ஒரு மெஷின் இருக்கு. ஆனா எல்லாருக்கும் உடனே கதிர் தேவையான்னு நார்வேயில் 100 பேரை வைச்சு ஒரு ஆய்வு செய்து, 2023இல் முடிவை வெளியிட்டாங்க. முதலிலேயே கதிர் கொடுத்தவங்களுக்குக் கட்டி சுருங்கிச்சு. காத்திருந்தவங்களோட ஒப்பிட்டால், கேட்கும் திறனில் பெரிய வித்தியாசம் தெரியலை.

நாலாவது, மருந்து. ஒரு பக்கம் மட்டும் வர்ற சாதாரண வகைக்குன்னு அங்கீகரிச்ச மருந்து இன்னும் கிடையாது. இரண்டு காதிலும் கட்டி வர்ற மரபணு நோயான என்எஃப்2க்கு பெவாசிஸுமாப் ஊசியைச் சிலருக்குக் கொடுக்கிறாங்க. புற்றுநோய்க்கு வந்த அந்த ஊசிக்கு இணையான மருந்தை பயோகான் 2017இல் இந்தியாவில் கொண்டுவந்தது. பிரிகாட்டினிப் மாத்திரையும் என்எஃப்2 ஆய்வில் நம்பிக்கை தருது.

நம்ம பக்கத்து நிலைமை

இந்திய ஆஸ்பத்திரிகள் வெளியிடுற ஆபரேஷன் கணக்குகளைப் பார்த்தால், பெரிய கட்டியோட வர்றவங்கதான் அதிகம். ஏன்னு என் சித்தப்பாவை வைச்சுச் சொல்றேன். டிரங்க் ரோட்டில் கடை வைச்சிருந்தார். போன் வந்தால் எப்பவும் வலது காதில்தான் வைப்பார். இடது காதில் ரீங்காரம்னு சொன்னப்போ ஒரு இடத்தில் அழுக்கு எடுத்தாங்க, இன்னொரு இடத்தில் "வயசாச்சு"ன்னாங்க. இரண்டு வருஷம் போச்சு. கடைசியில் ஒரு டாக்டர் ஆடியோகிராம் எடுக்கச் சொன்னார், அரை மணி நேரத்தில் முடிஞ்சுது. அதைப் பார்த்துட்டுத்தான் எம்ஆர்ஐ. மூணு சென்டிமீட்டருக்கு மேல் கட்டி. கதிர் கொடுக்கிற அளவைத் தாண்டியாச்சு. ஆபரேஷனில் உயிர் பிழைச்சார். இடது காது போச்சு. இடது கண்ணை முழுசா மூட முடியாததால் ராத்திரி சொட்டு மருந்து விட்டுப் பிளாஸ்டர் ஒட்டித்தான் தூங்குறார்.

முன்னாடியே தெரிஞ்சிருந்தால் மூணு வழி இருந்திருக்கும். லேட்டானதால் ஒண்ணுதான் மிச்சம். எந்த மெஷின் வந்தாலும் அந்த இரண்டு வருஷத்தைத் திருப்பித் தராது.

நீங்க செய்ய வேண்டியது

ஒரு காதில் மட்டும் கேட்பது குறைஞ்சால், ஒரு பக்கம் மட்டும் ரீங்காரம் இருந்தால், ஈஎன்டி டாக்டர்கிட்ட போய் ஆடியோகிராம் கேளுங்க. இரண்டு காதுக்கும் வித்தியாசம் தெரிஞ்சால் எம்ஆர்ஐ வேணுமான்னு கேளுங்க. பெரும்பாலும் வேற காரணமாத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனா திடீர்னு ஒரே நாளில் காது கேட்காமப் போனால் காத்திருக்காதீங்க. அன்னிக்கே போங்க, அதுக்கான மருந்தைச் சீக்கிரம் ஆரம்பிக்கணும்.

செலவுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை வரும். எந்தச் சிகிச்சைக்கு, எந்த ஆஸ்பத்திரியில்னு சேர்றதுக்கு முன்னாடியே காப்பீட்டு கவுன்டரில் கேட்டு வைச்சுக்கோங்க.

வீட்டில் யாராவது போனை எப்பவும் ஒரே காதில் வைக்கிறாங்களா? இன்னிக்கு மறு காதில் வைச்சுப் பேசச் சொல்லிப் பாருங்க.