வயலின் சூடு சொல்லும் நீர்க்கணக்கு

கிணற்றிலிருந்து எவ்வளவு தண்ணீர் இறைத்தோம் என்பதை மீட்டர் சொல்லிவிடும். அதில் பயிர் எவ்வளவு குடித்தது என்பதை எந்த மீட்டரும் சொல்லாது. மண்ணிலிருந்து நேராக ஆவியாவது ஒரு பங்கு. வேர் உறிஞ்சி இலைத்துளைகள் வழியே வெளியேறுவது இன்னொரு பங்கு. இரண்டும் சேர்ந்ததுதான் பயிரின் நீர்ச்செலவு. கோடையில் ஒரு நாளைக்கு 6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரு ஏக்கரிலிருந்து சுமார் 24,000 லிட்டர் சத்தமில்லாமல் காற்றோடு போய்விடுகிறது.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இந்தக் கணக்கை இப்போது வயல்வாரியாகப் போடுகிறார்கள். அதற்குக் கைகொடுப்பவை, சுமார் 700 கி.மீ. உயரத்தில் சுற்றும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள்.

கழித்தல் கணக்கு

ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 1998-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலின் முறைதான் உலகெங்கும் பழக்கத்தில் உள்ளது. வெயில், காற்று, ஈரப்பதம் ஆகியவற்றை வைத்து, செழித்த புல்தரை எவ்வளவு நீரை இழக்கும் என்று கணக்கிடுவார்கள். அதைப் பயிருக்கும் பருவத்துக்கும் உரிய காரணியால் பெருக்குவார்கள். எளிய முறைதான். ஆனால் தண்ணீர் பாய்ந்து செழித்த வயலுக்கும், பக்கத்தில் வாடிக் கிடக்கும் வயலுக்கும் ஒரே விடையே வரும். வாட்டத்தைத் தனியே அளந்து திருத்தினால்தான் வேறுபாடு தெரியும்.

செயற்கைக்கோள் இங்கேதான் உதவுகிறது. நீராவியை அதனால் பார்க்க முடியாது. நிலத்தின் சூட்டைப் பார்க்க முடியும். வியர்வை உலரும்போது உடம்பு குளிர்வதுபோல, நீரை வெளிவிடும் பயிரும் குளிர்ந்தே இருக்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். வயலில் தங்கும் கதிர்வீச்சு ஆற்றலில் மண்ணைச் சூடாக்கியது இவ்வளவு, காற்றைச் சூடாக்கியது இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்தால், மிச்சம் நிற்பது நீரை ஆவியாக்கச் செலவான ஆற்றல்.

நெதர்லாந்தின் விம் பாஸ்டியான்சென் 1990-களில் இந்த வழியில் ‘செபால்’ என்ற முறையை உருவாக்கினார். அதை அடியொற்றி இடாஹோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஆலன் குழு ‘மெட்ரிக்’ முறையைக் கொண்டுவந்தது. படத்தில் மிகவும் சூடான தரிசு ஒன்றையும், மிகவும் குளிர்ந்த பசும்வயல் ஒன்றையும் தேர்ந்தெடுப்பார்கள். தரிசில் ஆவியாதல் ஏறக்குறைய இல்லை, பசும்வயலில் உச்சம். மற்ற வயல்களெல்லாம் இந்த இரண்டு எல்லைகளுக்குள் அடங்கும்.

இடாஹோவுக்கு இது வெறும் ஆராய்ச்சி அல்ல. ஸ்நேக் ஆற்றுச் சமவெளியில் ஊற்றுநீரை நம்பிய மீன் பண்ணைகளும் கால்வாய்ப் பாசனக்காரர்களும் ஒரு பக்கம், ஆழ்துளைக் கிணற்றுக்காரர்கள் மறுபக்கம் என நீண்டகால வழக்கு. எந்த நிலம் எவ்வளவு நீரைச் செலவழித்தது என்று காட்ட மாநில நீர்வளத் துறை மெட்ரிக் வரைபடங்களைக் கையில் எடுத்தது. லேண்ட்சாட் 8-இன் முதல் திட்டத்தில் வெப்ப உணர்கருவி இடம்பெறவில்லை. மேற்கு மாநிலங்களின் நீர் நிர்வாகிகள் விடாமல் வலியுறுத்தினார்கள், கருவி சேர்க்கப்பட்டது. 2013-இல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது.

மண்ணில்தான் சோதனை

வானிலிருந்து வரும் விடை சரியா என்று யார் சொல்வது? டெக்சாஸின் புஷ்லாண்ட் ஆராய்ச்சி நிலையத்தில் வயலுக்கு நடுவே, 3 மீட்டர் நீள அகலத்தில் மண் நிரம்பிய பெட்டிகளைத் தராசின் மேல் புதைத்து வைத்திருக்கிறார்கள். பெயர் லைசிமீட்டர். ஒரு பெட்டி மண்ணின் எடை சுமார் 45 டன். சுற்றியுள்ள பயிரே அதற்குள்ளும் வளர்கிறது. மழையோ பாசனமோ இல்லாத நாளில் எடை 9 கிலோ குறைந்தால், 1 மி.மீ. நீர் போயிருக்கிறது என்று பொருள்.

வேறு இடங்களில் கோபுரங்கள் நிற்கின்றன. காற்றின் மேல்கீழ் அசைவையும் அதிலுள்ள ஈரத்தையும் நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் அளந்து, வயலிலிருந்து கிளம்பும் நீராவியைக் கணக்கிடுகின்றன.

2021-இல் தொடங்கிய ‘ஓப்பன்இடி’ என்ற இலவசச் சேவை ஆறு கணக்கீட்டு முறைகளை ஒன்றுசேர்த்து விடை தருகிறது. நாசாவும் பல ஆராய்ச்சி நிறுவனங்களும் இதில் பங்காளிகள். 150-க்கும் மேற்பட்ட தரை நிலையங்களின் அளவீடுகளோடு அதை ஒப்பிட்ட ஆய்வு 2024-இல் வெளியானது. விளைநிலங்களில் மாதக் கணக்கு சராசரியாக 16 மி.மீ. அளவுக்கு முன்பின் இருந்தது. அதாவது ஏக்கருக்குச் சுமார் 65,000 லிட்டர். வட்டார அளவில் திட்டமிட இந்தத் துல்லியம் போதும். இரண்டு பக்கத்து வயல்காரர்களுக்கு நடுவே தீர்ப்புச் சொல்ல எச்சரிக்கை தேவை.

எங்கே இடறும்?

லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து ஓர் இடத்தை எட்டு நாளுக்கு ஒருமுறை, காலை பத்து மணியளவில் கடக்கின்றன. அன்று மேகம் மூடியிருந்தால் படம் வீண். இடைப்பட்ட நாட்களை வானிலைத் தரவுகளைக் கொண்டு நிரப்ப வேண்டும். கலிஃபோர்னியாவின் கோடை வானம் பெரும்பாலும் மேகமின்றிக் கிடப்பதால் அங்கே இது பெரிய இடைஞ்சல் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் நிற்கும் நம் சம்பா நெல்லுக்கு இதே முறையை அப்படியே கொண்டுவர முடியாது.

இன்னொன்று: செலவான நீரும் இறைத்த நீரும் ஒன்றல்ல. இறைத்ததில் ஒரு பகுதி மண்ணில் இறங்கி நிலத்தடிக்கே திரும்பலாம். ஆவியானது மழைநீரா, மோட்டார் நீரா என்பதும் படத்தில் தெரியாது. மழைக்கணக்கைத் தனியே கழிக்க வேண்டும்.

கலிஃபோர்னியா 2014-இல் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம் கொண்டுவந்தது. மிகவும் சுரண்டப்பட்ட படுகைகள் 2040-க்குள் சமநிலைக்கு வந்தாக வேண்டும். மீட்டர் இல்லாத கிணறுகள் ஏராளமாக உள்ள நிலத்தில் செயற்கைக்கோள் கணக்கைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் அந்தக் கணக்கை வைத்து விவசாயிக்கு வரம்போ கட்டணமோ விதிக்கும்முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: அந்த மாதம் மேகமில்லாத படங்கள் எத்தனை கிடைத்தன? அதே பயிரில், அதே வட்டாரத்தில், தரையில் அளந்து சரிபார்த்தது எங்கே? பதில் இல்லாத வரைபடத்தை நம்பி யாருடைய மோட்டாரையும் நிறுத்தக் கூடாது.