தோல் என்னும் மதில்

உடம்பை ஓர் ஊராகக் கொண்டால் தோலே அதன் மதில். மதில் உறுதியாய் நிற்கும்வரை ஊரார் அதனை நினைப்பதில்லை. தோலின் மேற்படலமும் கல்லும் சாந்துமாகக் கட்டிய சுவரையே ஒக்கும். உலர்ந்து தட்டையான உயிரணுக்கள் கற்கள். அவற்றை இணைக்கும் கொழுப்புப் பொருள்கள் சாந்து. சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும்; வெளியிலுள்ள தூசியும் கிருமியும் உட்புகும். தோல் வறண்டு, சிவந்து, வெடித்துத் தினவெடுக்கும்.

இந்நோயை ஆங்கில மருத்துவர் எக்ஸிமா என்பர். அது கிரேக்கச் சொல். பொங்கி எழுதல் என்பது பொருள். நம் மருத்துவ நூலோர் தோல்நோய் பலவற்றுக்கும் வழங்கிய கரப்பான் என்னும் பெயருள் இதுவும் அடங்கும்.

ஈரக்காற்று வீசும் கொழும்பிலும் தோல் வறளுமோ என வினவுவார் உளர். காற்றில் ஈரம் இருந்தும் அதனைத் தோல் தன்னிடத்தே தாங்கிவைக்க மாட்டாமையே இங்கு நோய். மாளிகாவத்தைத் தொடர்மாடிகள் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் வெப்பமும் வியர்வையும் தினவை மிகுவிக்கும். காரமிக்க சவர்க்காரம் எஞ்சிய நெய்ப்பசையையும் கழுவிச் செல்லும். இரவெல்லாம் சொறிந்து உறக்கமிழந்த பிள்ளை காலையில் வகுப்பில் தூங்கி விழுந்தால், அதனைச் சோம்பல் என்று கடிதல் முறையாகுமா?

அதனினும் கொடியது, அப்பிள்ளையைத் தீண்ட அஞ்சிப் பிற மாணவர் விலகியிருத்தல். எக்ஸிமா தொற்றுநோய் அன்று. தோலைக் காக்கும் பிலாகிரின் என்னும் புரதம் இந்நோயாளர் பலரிடத்துப் பிறவியிலேயே குறைவுபட்டிருத்தலை, ஸ்கொத்லாந்தின் டண்டி நகரத்தார் உள்ளிட்ட ஆய்வாளர் 2006ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். பிறப்பில் வந்த குறைக்குப் பிள்ளையைப் பழிப்பது அறமன்று.

உதிர்ந்த சாந்துக்கு மாற்றாக நாம் பூசுவதே ஈரங்காக்கும் களிம்பு. எக்களிம்பு சிறந்தது? இங்கிலாந்தில் 550 சிறுவரிடம் நால்வகைப் பூச்சுகளை ஒப்புநோக்கிய ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. நீர்த்த பூச்சு, கிறீம், கூழ், நெய்க்களிம்பு என்னும் நான்கினிடையேயும் பயனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பிள்ளை விரும்பி நாள்தோறும் பூசிக்கொள்வது எதுவோ, அதுவே அப்பிள்ளைக்கு நல்ல களிம்பு. ஆதலின் விலை மிகுந்ததைத் தேடி ஏழைப் பெற்றோர் வருந்த வேண்டுவதில்லை. நம் தேங்காயெண்ணெய்க்கும் சிறப்புண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் 117 சிறுவரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், கனிம எண்ணெயினும் தூய தேங்காயெண்ணெய் மிகுந்த நலம் தந்தது.

பூசும் முறையையும் அறிதல் வேண்டும். நீண்ட நேரம் வெந்நீரில் குளித்தலைத் தவிர்க்க. குளித்தபின் உடம்பைத் தேய்க்காது துணியால் ஒற்றி, ஈரம் முற்றும் உலருமுன் களிம்பை இடுக. அழுத்தித் தேய்க்காது, மயிர் படியும் திசையில் மெல்லத் தடவுக. குப்பிக்குள் விரலை இடாது சுத்தமான கரண்டியால் எடுக்க. தினவு தணிந்த நாளிலும் நிறுத்தற்க. நோய் மிகுந்தபோது வைத்தியர் தரும் ஸ்டீரொயிட் களிம்பை அவர் சொன்ன அளவிலும் காலத்திலும் மட்டுமே பயன்படுத்துக. புண் நீர்கோத்தாலும் காய்ச்சல் கண்டாலும் உடனே வைத்தியரை நாடுக. களிம்பு ஊறிய உடை விரைந்து தீப்பற்றும். மண்ணெண்ணெய் அடுப்புக்கும் விளக்குக்கும் அருகே அவ்வுடையோடு செல்லற்க.

களிம்பு பூசுவது வீட்டார் கடமை. ஆசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. அப்பிள்ளையை வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் இருத்துக. களிம்பு பூச வேண்டுமென்றால் நடுவே எழுந்து செல்ல விடுக. இது ஒட்டும் நோயன்று என்பதை வகுப்பறிய ஒருமுறை தெளிவாக எடுத்துரைக்க. அம்மொழி கேட்ட மாணவர் மறுநாளே அப்பிள்ளையின் பக்கத்தில் வந்தமர்வர்.