ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு விலை

ரூட்டரில் கேபிள் வந்து சேரும் இடத்தை இன்டர்ஃபேஸ் என்கிறோம். பெரிய நெட்வொர்க்குகளில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸ் வழியாகவும் பத்து நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு பாக்கெட் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதன் பெயர் ஹலோ. நான் இன்னார், எனக்குக் குரல் எட்டும் அண்டை ரூட்டர்கள் இன்னார் என்று அது சொல்லும். நாற்பது நொடி ஹலோ வராவிட்டால் அண்டை ரூட்டர் இறந்துவிட்டதாகக் கொண்டு, எல்லா ரூட்டர்களும் பாதைகளை மறுபடி கணக்கிடும். ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறையில் வழக்கமாக உள்ள கால அளவு இது.

ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்-ஐஎஸ் என்ற இரண்டு நெறிமுறைகளும் லிங்க் ஸ்டேட் வகையைச் சேர்ந்தவை. இதற்கு முந்தைய முறையில், வழிப்போக்கரைக் கேட்டுக் கேட்டு ஊர் போய்ச் சேர்வதுபோல, அண்டை ரூட்டர் சொன்ன தூரத்தை அப்படியே நம்ப வேண்டியிருந்தது. லிங்க் ஸ்டேட் முறையில் ஒவ்வொரு ரூட்டரும் தன்னுடைய இணைப்புகளை மட்டும் அறிக்கையாக எழுதி எல்லோருக்கும் பரப்பும். அறிக்கைகளைச் சேர்த்தால் எல்லோரிடமும் ஒரே வரைபடம் உருவாகிவிடும்.

அந்த வரைபடத்தில் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் கணக்கு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவுடையது. 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில், தாளும் பேனாவும் இல்லாமல், இருபது நிமிடத்தில் யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கணக்கு பிசகுவதில்லை. அதற்குக் கொடுக்கும் வரைபடம் பிசகலாம். அந்த வரைபடம் பிறப்பதோ ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் மனிதர்கள் எழுதி வைக்கும் நாலைந்து வரிகளில்தான். பாடப்புத்தகங்கள் டைக்ஸ்ட்ராவுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியையாவது இந்த வரிகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

வரைபடத்தை உருவாக்கும் அறிக்கைகளே பிசகினால் என்ன ஆகும் என்பதை உலகம் 1980 அக்டோபர் 27 அன்று பார்த்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட், அதற்கு முந்தைய ஆண்டுதான் லிங்க் ஸ்டேட் முறைக்கு மாறியிருந்தது. அறிக்கைகளில் எது புதிது என்று அறிய 0 முதல் 63 வரை சுழலும் வரிசை எண் இருந்தது. 63-க்குப் பிறகு மறுபடி 0. அன்று ஒரு கணினியின் மெமரியில் பிட்டுகள் உதிர்ந்ததால், ஒரே ரூட்டரின் அறிக்கை 44, 40, 8 என மூன்று எண்களோடு உலவ ஆரம்பித்தது. சுழலும் கணக்குப்படி 40-ஐவிட 44 புதிது, 44-ஐவிட 8 புதிது, 8-ஐவிட 40 புதிது. ஒவ்வொன்றும் மற்றொன்றை விரட்ட, மூன்றும் முடிவின்றிச் சுற்றின. பல மணி நேரம் நெட்வொர்க் முடங்கியது. இந்த முடக்கத்தைப் பற்றி எரிக் ரோசன் 1981-இல் எழுதிய விளக்கத்தை, இந்தத் துறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். பிறகு ரேடியா பெர்ல்மன் போன்ற நெட்வொர்க் அறிஞர்கள், இப்படிப்பட்ட நோய் வந்தாலும் தானே குணமாகும் முறைகளை வகுத்தார்கள். இன்றைய ஓஎஸ்பிஎஃப்-இல் வரிசை எண் சுழல்வதில்லை, 32 பிட் நீளம் உடையது. புதுப்பிக்கப்படாத அறிக்கை ஒரு மணி நேரத்தில் காலாவதியாகிவிடும்.

நெறிமுறை பக்குவப்பட்டுவிட்டது. இன்னும் நம் கையில் இருப்பது இன்டர்ஃபேஸ்தான்.

முதலில் விலை. ஒவ்வொரு இணைப்புக்கும் ‘காஸ்ட்’ என்றொரு எண் உண்டு. கூட்டுத்தொகை குறைந்த பாதையே வெல்லும். சிஸ்கோவின் ஐஓஎஸ் ரூட்டர்களில், நாம் எதுவும் எழுதாவிட்டால், 100 மெகாபிட்டை இணைப்பின் வேகத்தால் வகுத்து இந்த எண் வரும். 10 மெகாபிட் இணைப்புக்கு 10, 100 மெகாபிட்டுக்கு 1. ஒன்றுக்குக் கீழே எண் கிடையாது என்பதால் 1 கிகாபிட்டுக்கும் 1, 10 கிகாபிட்டுக்கும் 1. நூறு மடங்கு வேகமான ஃபைபரும் பழைய கேபிளும் ரூட்டரின் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். அடிப்படை வேகத்தை உயர்த்தி இதைச் சரிசெய்யலாம். ஆனால் எல்லா ரூட்டர்களிலும் ஒரே மாதிரி உயர்த்த வேண்டும். இன்னொன்று, விலை வெளியே போகும் திசைக்கு மட்டுமே. இரு முனைகளிலும் வேறு வேறு எண் இருந்தால் போன பாக்கெட் ஒரு வழியாகவும் பதில் வேறு வழியாகவும் வரும். ஓர் இணைப்பைப் பழுதுபார்க்கும் முன், இருபுறமும் விலையை 65535 ஆக்கிவிட்டால் போதும். மாற்றுப்பாதை இருந்தால் போக்குவரத்து தானே அங்கே விலகிப் போகும். அழகான வசதி.

அடுத்து நேரம். ஹலோ இடைவெளி இரு முனைகளிலும் ஒன்றாக இல்லாவிட்டால் உறவே அமையாது. நடுவில் ஒரு சுவிட்ச் இருந்தால், எதிர் ரூட்டர் செத்த பிறகும் நம் பக்கத்து விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஹலோ நின்றால்தான் உண்மை தெரியும். நாற்பது நொடி நீளம் என்று ஹலோவை மிகவும் நெருக்கினால், வேலைப்பளுவில் திணறும் ரூட்டரைச் செத்ததாக அறிவிக்கும் ஆபத்து இருக்கிறது. பிஎஃப்டி எனும் தனி நெறிமுறை, எதிர் ரூட்டர் செத்ததை மில்லி நொடிகளில் கண்டுபிடித்துவிடும் என்பதால், அதைச் சேர்ப்பதே மேல்.

கடைசியாக எம்டியு, அதாவது ஓர் இன்டர்ஃபேஸ் ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு. இரு முனைகளிலும் இது பொருந்தாத இடத்தில் ஹலோ நன்றாகவே போய்வரும். வரைபடத்தைப் பரிமாறும் கட்டத்தில்தான் பேச்சு நின்றுபோகும். அண்டை ரூட்டர் பட்டியலில் பெயர் தெரிகிறது, பாதை மட்டும் வரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

கல்லூரி, மருத்துவமனை, அலுவலக நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மடிக்கணினிகள் இணையும் இன்டர்ஃபேஸ்களில் ஹலோ போக வேண்டிய தேவை இல்லை. அங்கே ‘பாஸிவ்’ என்று எழுதுங்கள். அந்த முகவரிகள் வரைபடத்தில் இருக்கும், ஹலோ மட்டும் போகாது. ரூட்டரோடு ரூட்டர் பேசும் இடங்களில் கடவுச்சாவி போடுங்கள். இவை இரண்டும் இல்லாத நெட்வொர்க்கில், சுவரிலுள்ள சாக்கெட்டில் மடிக்கணினியைச் செருகும் எவரும் ரூட்டராக வேடமிட்டுப் பொய்ப் பாதைகளை எல்லோருக்கும் பரப்பிவிட முடியும்.