தாத்தா காலத்து படகு மோட்டார்... உயிரைக் காப்பது ஒரு சின்ன கிளிப்!

பைக்கின் பெட்ரோல் டாங்க்கில் இருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் டியூபைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் முனைகளில் கம்பியை வளைத்துச் செய்த குட்டி கிளிப் ஒன்று இருக்கும். அது கழன்றால் வண்டியை ரோட்டோரம் ஒதுக்கி, மெக்கானிக்கைக் கூப்பிடலாம். அதே கிளிப் ஏரியின் நடுவில், ஒரு படகில் கழன்றால்?

அமெரிக்காவில் பழைய அவுட்போர்டு மோட்டார்களை, அதாவது படகின் பின்புறம் மாட்டப்படும் மோட்டார்களை, தேடிப் பிடித்துப் புதுப்பிப்பது பலருக்கு ஆசையான பொழுதுபோக்கு. கார் ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்த தாத்தாவின் மோட்டாரை மறுபடி தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். பெயின்ட், ஸ்டிக்கர், பிளக் என எல்லாவற்றுக்கும் செலவு செய்வார்கள். கடைசியில் கோட்டை விடுவது, பெட்ரோல் ஓஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பில்தான்.

ஐஸ்க்ரீம் கொடுத்த ஐடியா

நார்வேயில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குப் போனவர் ஓலே எவின்ரூட். விஸ்கான்சின் மாகாணத்தில் ஓர் ஏரிக்குப் பிக்னிக் போனபோது, காதலி பெஸ் ஐஸ்க்ரீம் கேட்டாராம். துடுப்புப் போட்டுப் போய் வாங்கி வருவதற்குள் ஐஸ்க்ரீம் உருகிவிட்டதாம். 'படகுக்கு ஒரு மோட்டார் இருந்தால் என்ன?' என்ற யோசனை அங்கேதான் பிறந்தது என்று சொல்வார்கள். அந்த பெஸ்ஸையே அவர் கல்யாணமும் செய்துகொண்டார். 1909-ல் எவின்ரூட் மோட்டார் விற்பனைக்கு வந்தது.

ஆரம்ப கால மோட்டார்களில் பெட்ரோல் டாங்க் மோட்டாரின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். 1949-ல் ஜான்சன் நிறுவனம் 10 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றைத் தனி டாங்க்குடன் கொண்டுவந்தது. டாங்க்கைப் படகுக்குள் வைத்து, ஓஸ் வழியாக மோட்டாருடன் இணைக்க வேண்டும். 1950-களில் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் இந்த முறை பரவலானது. டாங்க்கின் கொள்ளளவு 6 கேலன். நம் கணக்கில் 22 லிட்டருக்குச் சற்று அதிகம்.

ஊதிய பலூன் மாதிரி

அந்த மோட்டார்களில் பெட்ரோலை இழுக்க பம்ப் கிடையாது. இன்ஜினுக்குள் உருவாகும் காற்றழுத்தம் ஓர் ஓஸ் வழியாக டாங்க்குக்குள் போகும். அந்த அழுத்தம் பெட்ரோலை இன்னோர் ஓஸ் வழியாக மோட்டாருக்குத் தள்ளும். இரண்டு ஓஸ்களும் ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும்.

சிக்கலே இங்குதான். பம்ப் வைத்து உறிஞ்சும் மோட்டாரில் டாங்க் பக்க இணைப்பு லூஸானால், ஓஸ் காற்றை உள்ளே இழுக்கும். இன்ஜின் திணறி நின்றுவிடும். அழுத்த டாங்க்கில் நேர் எதிர். மோட்டார் ஓடும்வரை டாங்க் ஊதிய பலூன் மாதிரி இருக்கும். இணைப்பு லூஸானால் பெட்ரோல் வெளியே பீய்ச்சும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ரோட்டில் சிந்தினால் காற்றோடு பரவிப் போய்விடும். படகோ ஒரு தொட்டி மாதிரி. ஆவி அடியில் போய்த் தேங்கி நிற்கும். ஒரு சின்ன தீப்பொறி பட்டால் போதும். நாலு பக்கமும் தண்ணீர், ஓட இடம் இல்லை.

எந்த கிளிப் நல்லது?

கம்பி ஸ்பிரிங் கிளிப்: பழைய மோட்டார்களில் அதிகம் பார்க்கக் கூடியது. ரப்பர் சுருங்கினாலும் கூடவே சுருங்கிப் பிடிக்கும். ஆனால், துருப்பிடித்தால் பிடி தளர்ந்துவிடும். ஸ்பிரிங் விசையை மட்டும் நம்பும் கிளாம்ப்பை பெட்ரோல் ஓஸில் போடக் கூடாது என்று அமெரிக்க கடலோரக் காவல் படையின் விதி சொல்கிறது. இந்த விதி படகுக்குள்ளேயே பொருத்தப்பட்ட பெட்ரோல் இன்ஜின்களுக்கானது. அவுட்போர்டுக்கு விலக்கு உண்டு என்றாலும், பின்பற்றினால் நல்லதுதான்.

ஸ்க்ரூ கிளாம்ப்: ஸ்க்ரூ டிரைவரால் திருகி இறுக்கும் பட்டை. லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1921-ல் உருவாக்கிய 'ஜூபிலி கிளிப்' இந்த வகைதான். தடிமனான ஓஸுக்கு அருமையானது. சுண்டுவிரல் அளவு ஓஸில் முழு வட்டமாக உட்காராது. பட்டையில் வெட்டுத் துளைகள் இருந்தால், அதிகம் இறுக்கும்போது ரப்பரை அறுத்துவிடும்.

நட்டு போல்ட் கிளாம்ப்: உள்பக்கம் வழுவழுப்பாக, ஓரங்கள் மடிந்திருக்கும். ரப்பரை வெட்டாது. சின்ன பெட்ரோல் ஓஸுக்கு இதுவே பொருத்தம். ஓஸின் வெளி அளவை அளந்து, அதற்கேற்ற சைஸ் வாங்க வேண்டும்.

பிளாஸ்டிக் டை: வேண்டவே வேண்டாம். வெயிலிலும் சூட்டிலும் விறைத்து உடைந்துவிடும்.

மாட்டும்போது கவனிக்க...

* பழைய ஓஸை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். அந்தக் கால ரப்பர் எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஊறி, மெத்தென்று ஆகிவிடும். அதன் மேல் எவ்வளவு நல்ல கிளாம்ப் போட்டாலும் நிற்காது.

* ஓஸ் சொருகும் குழாய் முனையில் துரு, பழைய ரப்பர் துணுக்குகள் இருந்தால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். அங்கே ஒரு கீறல் இருந்தாலும் கசியும்.

* இரட்டை ஓஸின் முனையை, கிளாம்ப் நுழையும் அளவுக்கு மட்டும் கவனமாகப் பிரிக்க வேண்டும். கத்தி ஓஸின் சுவரில் படக் கூடாது.

* கிளாம்ப்பை முதலில் ஓஸில் கோத்துவிட்டு, பிறகு ஓஸைக் குழாயில் சொருக வேண்டும். வழுக்கிப் போக கிரீஸ் தடவக் கூடாது. சோப்புத் தண்ணீர் கொஞ்சம் போதும்.

* குழாய் முனையில் மேடாக ஒரு வளையம் இருக்கும். கிளாம்ப் அதைத் தாண்டி உட்பக்கம் உட்கார வேண்டும். மேட்டின் மேலோ, ஓஸின் விளிம்பிலோ உட்கார்ந்தால் வழுக்கிக் கழன்றுவிடும்.

* கையால் திருப்பினால் ஓஸ் சுற்றாத அளவு இறுக்கினால் போதும். கிளாம்ப்பின் இரண்டு பக்கமும் ரப்பர் பிதுங்கினால், அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். ரப்பர் அமுங்கி உட்காரும் என்பதால், ஒரு நாள் கழித்து இறுக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

பெட்ரோலுக்கு முன் சோப்பு நுரை

எல்லாம் முடிந்ததும் நேராக பெட்ரோல் ஊற்றக் கூடாது. திறந்தவெளியில், கழுவிக் காய வைத்த காலி டாங்க்கில் கைப் பம்ப்பால் லேசாகக் காற்றடிக்க வேண்டும். இணைப்புகளிலும் மூடியைச் சுற்றியும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் அங்கே கசிவு. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் பக்கமே போகக் கூடாது. பழைய தகர டாங்க் அதைத் தாங்காது.

பெட்ரோல் ஊற்றி ஓட்டிய பிறகு மூடியைத் திறக்கும்போதும் நிதானம் தேவை. முதலில் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

கண்காட்சிக்கு வைப்பவர்களுக்கு ஒரிஜினல் கிளிப் இருந்தால்தான் மதிப்பு. தண்ணீரில் ஓட்டுபவர்களுக்குப் புதிய கிளிப்தான் பாதுகாப்பு. இரண்டும் வேண்டும் என்பவர்கள், பழைய கிளிப்களை ஒரு டப்பாவில் பத்திரப்படுத்திவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்ளலாம். சிலர் மோட்டாரில் பெட்ரோல் பம்ப் பொருத்தி, ஒற்றை ஓஸுக்கே மாறிவிடுகிறார்கள்.

நம் கடற்கரைகளில் ஃபைபர் படகுகளைத் தள்ளிக்கொண்டு போவதும் அவுட்போர்டு மோட்டார்தான். டாங்க்கும் ஓஸும் கிளாம்ப்பும் அங்கேயும் உண்டு. உப்புக் காற்றில் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பும் முன், குனிந்து ஒரு முறை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால், ஓஸையும் கிளிப்பையும் சரிபார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.