கால்களிடம் வந்த ஆட்டம்

வீடியோ விளையாட்டு என்றாலே உட்கார்ந்த இடத்தில் கட்டைவிரலை மட்டும் அசைக்கும் பொழுதுபோக்கு என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலத்தில், ஜப்பானின் கோனாமி நிறுவனம் 1998-இல் விளையாட்டுக் கூடங்களுக்காக வெளியிட்ட ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’, கைக்கருவியை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தை முழுவதுமாகக் கால்களிடம் ஒப்படைத்தது. திரையில் கீழிருந்து மேலேறும் அம்புக்குறி உச்சியிலுள்ள அடையாளத்தோடு பொருந்தும் கணத்தில், மேடையில் அதே திசைக்குரிய கட்டத்தை மிதிக்க வேண்டும். பாட்டின் வேகம் கூடக்கூட அம்புகள் நெருங்கி வருவதால், தாளம் தப்பக்கூடாது என்பதிலேயே கவனமாயிருப்பவர் தம்மை அறியாமல் மூச்சிரைக்கக் குதித்துக்கொண்டிருப்பார். மிதியை உணரும் விரிப்பை பண்டாய் நிறுவனம் 1986-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தாலும், உழைப்பை உழைப்பாகத் தோன்றாதபடி செய்தது இசையே எனலாம். குழந்தைகளின் உடல் பருமனால் கவலையுற்ற அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம், தன் 765 அரசுப் பள்ளிகளிலும் இவ்வாட்டத்தை நிறுவப்போவதாக 2006-இல் அறிவித்தது.

அதே ஆண்டு நின்டெண்டோ வெளியிட்ட ‘வீ’ கருவியின் கைப்பிடியில், வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானி பொருத்தப்பட்டிருந்ததால், டென்னிஸ் மட்டையை வீசுவதுபோல் கையை வீசினாலே திரையில் பந்து பறந்தது. ஆனால் அக்கருவி அறிவது கையின் அசைவை மட்டுமே என்பதால், ஓடாமல் நின்ற இடத்திலேயே மணிக்கட்டைச் சுண்டியும் வென்றுவிடலாம். உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களைவிட இதற்கு ஆற்றல் கூடுதலாகச் செலவானாலும் உண்மையான விளையாட்டுக்கு அது ஈடாகாது என்று, பிரிட்டனின் லிவர்பூலில் வளரிளம் பருவத்தினரிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2016-இல் வந்த ‘போக்கிமான் கோ’ மக்களைத் தெருவில் நடக்க வைத்தபோதும், அமெரிக்க ஆய்வொன்றில், முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடிய நடை, ஆறாம் வாரத்தில் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. நடக்க வேறு காரணம் இல்லாதவரைப் புதுமை மட்டும் நெடுநாள் நடத்திச் செல்லாது.

பயிற்சியைத் தவிர்க்கவே இயலாதவர்களின் நிலை வேறு. 2007-இன் இறுதியில் ‘வீ ஃபிட்’ ஆட்டத்துடன் வந்த சமநிலைப் பலகையின் நான்கு மூலைகளிலும் அழுத்த உணரிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் விழும் எடையை ஒப்பிட்டு, நிற்பவரின் பாரம் எந்தப் புள்ளியில் குவிகிறது என்பதை அது கணிக்கிறது. ஆய்வகங்களின் விலையுயர்ந்த விசைத்தளத்தின் அளவீடுகளோடு இதன் அளவீடுகள் நன்கு ஒத்துப்போவதாக ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2010-இல் நிறுவினர். பக்கவாதத்துக்குப் பின் நலமான காலிலேயே சாய்ந்து நிற்கப் பழகிவிடும் நோயாளி, திரையில் புள்ளி ஒருபுறமாக விலகுவதைக் கண்ணால் கண்டு, பலவீனமான காலுக்குச் சிறிது சிறிதாகப் பாரத்தை மாற்றி அதை நடுவுக்குக் கொண்டுவர முயல்கிறார். இயன்முறை மருத்துவர் வாயால் சொல்லிச் சொல்லித் திருத்த வேண்டியதைப் பலகை அந்தந்த நொடியே காட்டிவிடுவதால், சலிப்பூட்டும் அதே அசைவைப் பலமுறை செய்யவும் நோயாளிக்கு மனம் வருகிறது.