பேராதனையும் வருங்காலத் திட்டமும்

பல்கலைக் கழகம் ஒன்றினை நிறுவுவோர் அன்றுள்ள மாணாக்கர்க்கு மட்டுமன்றி, இனி வருவோர்க்கும் இடம் வகுத்தல் வேண்டும். 1942இல் கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக் கழகத்திற்குப் பேராதனையில் மனை வகுத்த நகரமைப்பறிஞர் சேர் பற்றிக் அபெர்குரொம்பியின் திட்டம், மகாவலி கங்கைக்கும் ஹந்தானை மலைச்சாரலுக்கும் இடையே கட்டடங்களை நெருக்காது பரவவிட்டது. 1952இல் மாணாக்கர் அங்குக் குடிபுகுந்தனர். 1964இல் பொறியியற் பீடம் ஆற்றின் மறுகரைக்கு வந்தது. நிலம் இடந்தந்தது.

இடந்தராதது விடுதியே. மாணாக்கர் யாவரும் வளாகத்தினுள் உறைதல் வேண்டும் என்பது முதல் துணைவேந்தர் ஜெனிங்ஸின் கொள்கை. அழகிய கொள்கைதான், ஆயினும் செலவு மிக்கது. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயனாய்த் தாய்மொழியிற் கற்றோர் 1960 முதலாகக் கலைப் பீடத்திற் பெருந்தொகையினராய்ப் புகுந்தனர். ஒருவர்க்கென வகுத்த அறையிற் பலர் தங்க நேர்ந்தது. வந்தோருட் பலர் கிராமத்தவர். வெளியில் வாடகைக்கு உறையும் வசதியற்றோர். ஆற்றையும் மலையையும் அளந்தவர்கள் பாடசாலைகளை அளக்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. முதலாம் வகுப்பிற் சேரும் பிள்ளை பல்கலைக் கழக வாயிலுக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாகும். விடுதியொன்றைக் கட்டி முடிக்க அத்துணைக் காலம் வேண்டியதில்லை.