பச்சோந்திக்கும் ஓர் ஊர் உண்டு

பச்சோந்தி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குத் தேர்தல் மேடைகள்தான் ஞாபகத்துக்கு வரும். சொன்ன சொல்லை மாற்றுபவர்களைத் திட்டுவதற்கே அந்தப் பெயரைப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். அப்படியொரு பிராணி உண்மையாகவே நமது மண்ணில் வாழ்கிறது என்பதைப் பாதி மறந்தும்விட்டோம். நானும் 2013 ஆம் ஆண்டு வரை அப்படித்தான் இருந்தேன்.

அந்த ஆண்டு ஜூன் மாதம், சமூகவியலில் பட்டம் பெற்று வேலையில் சேர்ந்த புதிதில், பெண்களின் சேமிப்புக் குழுக் கூட்டமொன்றுக்காக றொசல்லக்குப் போயிருந்தேன். வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையில் ரயில் பாதையோரம் அமைந்த சிறிய ஊர் அது. தென்மேல் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கூட்டம் முடிந்ததும் ஒரு வயதான அம்மா என்னைத் தமது லயக் காம்பறாவுக்கு அழைத்தார்.

"இந்தா மிஸ், இதக் கொஞ்சம் வந்து பாருங்க. எங்கருந்து புடிச்சிக்கிட்டு வந்தானோ தெரியல. வீட்டுல வச்சிருந்தா வெளங்காதுன்னு சொல்லுறாங்க."

இஸ்தோப்பின் மூலையில் ஒரு பெரிய பிஸ்கட் டின். மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். உள்ளே ஒரு கொய்யாக் குச்சியைப் பற்றியபடி, கறுத்துப்போய், கண்கள் குழி விழுந்து, ஒரு பச்சோந்தி. டின்னுக்குப் பக்கத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் குந்தியிருந்தான். அவன் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

எங்கிருந்து வந்தார்கள்?

சிறுவனின் தாய் அந்த அம்மாவின் தங்கை மகள். 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய பல குடும்பங்களில் இவர்களுடையதும் ஒன்று. இவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். 2009 மே மாதத்தில் கணவரைக் கண்ணெதிரே ஒப்படைத்துவிட்டு, கைக்குழந்தையைப் போல் ஒட்டிக்கொண்டிருந்த மகனோடு செட்டிகுளம் முகாமுக்குப் போனார். அடுத்த ஆண்டு மன்னார் மாவட்டத்தில் கணவரின் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கும் நிலைக்க முடியாமல், தன் பெற்றோர் விட்டுச்சென்ற அதே தோட்டத்துக்குப் பெரியம்மாவை நம்பி வந்து சேர்ந்திருந்தார்.

மன்னாரில் உடைமரப் பற்றையொன்றில் பிடித்த பச்சோந்தியைச் சிறுவன் பயணப் பையில் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறான். பஸ் அட்டனை அடைந்த பிறகுதான் தாய்க்கே தெரியுமாம்.

"எறியச் சொல்லி எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தன் மிஸ். ஆனா இவன் இங்க வந்து ஒருத்தரோடயும் கதைக்கிறதில்ல. பள்ளிக்கூடத்திலயும் அப்பிடித்தான். இதோட மட்டும்தான் கதைக்கிறான். எப்பிடி எறியிறது?" என்றார் அந்தத் தாய்.

இந்த ஒரு வசனம் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. பிள்ளை பேசுவதற்கு ஒரு துணை கிடைத்திருக்கிறது, அந்தத் துணைக்கு நல்லதொரு கூடு செய்து கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். அது எனது பிழை. அந்தப் பிழையிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

நல்ல கூடு என்றால் என்ன?

பல்கலைக்கழகத்தில் எனக்கு மூத்தவரான, விலங்கியல் படித்த ஒரு அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் சொன்னவையும் பின்னர் நான் வாசித்து அறிந்தவையும் இவை.

பச்சோந்தி மரத்தில் வாழும் பிராணி. உயரமாக ஏறினால்தான் அதற்குப் பயம் தெளியும். எனவே கூடு அகலத்தை விட உயரமாக இருக்க வேண்டும். வளர்ந்த ஒன்றுக்கு 2 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரமாவது தேவை. கண்ணாடிப் பெட்டியும் டின்னும் கூடாது. நாற்புறமும் வலையடித்துக் காற்று தாராளமாகப் போய்வர வேண்டும். உள்ளே ஒளிந்துகொள்ள இலை அடர்ந்த செடியும், பற்றிப் பிடிக்கப் பல திசைகளில் கிளைகளும் வேண்டும்.

கிண்ணத்தில் வைத்த தண்ணீரை அது பொதுவாகத் தண்ணீர் என்று அறியாது. இலையில் உருளும் துளிகளைத்தான் நக்கிக் குடிக்கும். எனவே இலைகளின் மேல் ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை நீர் தெளிக்க வேண்டும். கண் குழி விழுவது உடலில் நீர் வற்றியதற்கு அடையாளம். டின்னில் இருந்த பச்சோந்திக்கு முன்னால் ஒரு மூடி நிறையத் தண்ணீர் இருந்தது. தண்ணீரை வைத்துக்கொண்டே அது தாகத்தால் வாடியிருக்கிறது!

உணவு உயிருள்ள பூச்சிகள். வெட்டுக்கிளி, சில்வண்டு, ஈ போன்றவற்றைத் தன் உடலையும் விட நீளமான நாக்கை வீசிப் பிடிக்கும். ஒரே வகைப் பூச்சியை மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு வளையும். சத்தை உடலில் சேர்ப்பதற்கு நேரடி வெயில் வேண்டும். உடலைச் சூடாக்கிக்கொள்ள 30 பாகை செல்சியஸ் அளவில் ஒரு வெயில் மூலையும், சூடு கூடினால் ஒதுங்க நிழலும் தேவை. இரண்டை ஒரு கூட்டில் விடக்கூடாது. கையில் அடிக்கடி தூக்குவதும் அதற்குத் துன்பமே.

நமது உறவினர்கள் வாழும் மேலைநாடுகளில், பண்ணைகளில் பெருகிய யேமன் பச்சோந்தியை விசேட மின்விளக்குகள் பொருத்திய கூடுகளில் வளர்க்கிறார்கள். அந்த இனத்துப் பெண், ஆண் துணை இல்லாமலும் முட்டை உருவாக்கும். முட்டையிட ஈர மண் நிரப்பிய தொட்டி வைக்காவிட்டால், முட்டையை அடக்கி வைத்தே இறந்துபோகவும் கூடும். இவ்வளவும் கைக்கொள்ள முடிந்தவர்களுக்கே அது சரிவரும்.

நானும் சிறுவனும் பழைய பலகைச் சட்டங்களையும் நுளம்பு வலையையும் கொண்டு அந்த அளவில் ஒரு கூடு அடித்தோம். அவன் ஆணி எடுத்துத் தந்தான். இரண்டாம் நாள் "இந்தக் கொப்பு ஆடுது" என்று முதன்முதலாக என்னோடு பேசினான். செம்பருத்திச் செடியொன்றைச் சட்டியில் உள்ளே வைத்தோம். இலைகளில் தெளித்த நீரைப் பச்சோந்தி ஐந்து நிமிடம் விடாமல் குடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெயில் எங்கே?

ஆனால் அடுத்த வாரமும் அதன் நிறம் தெளியவில்லை. பூச்சியும் பிடிக்கவில்லை. பச்சோந்தி சுற்றியுள்ள நிறத்துக்கு ஏற்ப மாறுகிறது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் சரியல்ல. பயம், கோபம், குளிர், வெயில், தன் இனத்தோடு பேச்சு ஆகியவையே முக்கிய காரணங்கள். தோலிலுள்ள நுண்ணிய படிகங்களின் இடைவெளி கூடிக் குறைவதால் நிறம் மாறுவதை 2015 இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகஸ்கார் பச்சோந்தியில் கண்டறிந்தார்கள். நம்முடையது கறுத்திருந்ததற்குக் காரணம் எளிமையானது. அதற்குக் குளிர். கறுத்தால் கொஞ்சமாவது வெப்பத்தை உறிஞ்சலாம்.

உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் வாழ்கின்றன. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்து ஒரே ஓர் இனம்தான். இலங்கையில் அது மன்னார், புத்தளம் போன்ற வரண்ட பிரதேசங்களுக்கு உரியது. றொசல்ல ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மன்னாரில் ஏறக்குறைய அதில் ஐந்திலொரு பங்குதான். எத்தனை சட்டம் அடித்து, எத்தனை வலை கட்டினாலும் மன்னார் வெயிலை லயத்துக்குக் கொண்டுவர முடியாது.

இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் இன்னொன்றையும் சொன்னார். "தங்கச்சி, இதை முதல்லயே கேட்டிருக்க வேணும். அதை வச்சிருக்கிறதே சட்டப்படி குற்றம்." 1937 ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 2009 ஆம் ஆண்டு அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் இந்த இனத்தைப் பாதுகாக்கின்றன. பிடிப்பது, கொல்வது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே தண்டனைக்குரியவை. அந்தக் குடும்பத்துக்கு உதவப் போன நானே அவர்களை ஒரு குற்றத்துக்குள் ஆழமாக இறக்கியிருந்தேன்.

ஒரு துண்டு

தாயிடம் விடயத்தைச் சொன்னபோது அவருடைய முகம் மாறியது. "அப்ப ஆக்கள் வருவினமோ?" என்று கேட்டார். சீருடை போட்டவர்கள் வீட்டுக்கு வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போவதை அந்தப் பிள்ளை மறுபடியும் பார்ப்பதா? அவர் சொல்லாமல் விட்டது எனக்கு விளங்கியது. எனவே ஒருவரையும் வரவழைக்கவில்லை. வனஜீவராசிகள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னார்கள்.

சிறுவனிடம் பொய் சொல்ல வேண்டாம் என்று தாயும் நானும் முடிவெடுத்தோம். "இதுக்கு இங்க குளிருது. இதோட ஊர்ல வெயில் இருக்கு. இங்க இருந்தா செத்துப்போயிரும்" என்று தாய் சொன்னார். அவன் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்களும் அங்க போகலாமா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இருக்கவில்லை. "இப்ப ஏலாது ராசா" என்று மட்டும் தாய் சொன்னார்.

மூவரும் பஸ்ஸில் போனோம். பெட்டியை அவன்தான் மடியில் வைத்திருந்தான். அலுவலகத்தில் இருந்தவர் சிங்களவர், நடுத்தர வயது. அவர் ஏசவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்து, வரண்ட வலயத்துக்குப் போகும் தமது வாகனத்தில் அனுப்பி, அங்குள்ள காட்டில் விடுவதாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். பெட்டியை அவர் எடுக்கப் போனபோது சிறுவன் கையை விடவில்லை.

"துண்டு தரச் சொல்லுங்க மிஸ்" என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை. தாய்தான் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "தகப்பனைக் குடுத்ததுக்கு ஒரு துண்டு வாங்கியிருக்கலாமேயெண்டு நான் எந்த நாளும் சொல்லுறது. அதைக் கேட்டு வளந்தவன்."

நான் அதையும் மொழிபெயர்த்தேன். அந்த அதிகாரி சற்று நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு ஒரு தாளை எடுத்து, "பச்சோந்தி 1, உயிருடன் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று சிங்களத்தில் எழுதி, திகதியிட்டு, கையொப்பமும் முத்திரையும் வைத்துச் சிறுவனின் கையில் கொடுத்தார். அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். பெட்டியை விட்டான்.

பதினைந்து நாட்களின் பின் எனக்கு அழைப்பு வந்தது. காட்டில் விட்டுவிட்டார்கள், விட்டதும் மரத்தில் ஏறிவிட்டதாம். அன்றே லயத்துக்குப் போய்ச் சொன்னேன். "பச்சையா மாறிச்சா?" என்று மட்டும் கேட்டான்.

வெறும் கூடு

வெறுமையாக இருந்த கூட்டைப் பார்த்துப் பெரியம்மாதான் வழி சொன்னார். "இத படுக்கப் போட்டா கோழிக்கூடுதானே." உண்மைதான். 4 அடிக்கு 2 அடி, எட்டுச் சதுர அடி. ஒரு கோழிக்கு 2 முதல் 3 சதுர அடி போதும் என்பதால் மூன்று கோழிகளுக்குச் சரி. நுளம்பு வலையைக் கழற்றிக் கம்பிவலை அடித்தோம். தரையின் ஈரமும் கீரியும் அணுகாதபடி 2 அடி உயரக் கால்கள், மழைக்குத் தகரம், இருந்து தூங்க ஒரு குறுக்குச் சட்டம், முட்டையிட வைக்கோல் போட்ட ஒரு பெட்டி. ராணிக்கெட் நோய்க்கான தடுப்பூசி பற்றி அரச மிருக வைத்தியரிடம் கேட்டுப் போட்டுக்கொண்டோம். காலையில் திறப்பது, தண்ணீர் மாற்றுவது, மாலையில் எண்ணி அடைப்பது எல்லாம் சிறுவனின் பொறுப்பு. முட்டைக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினான். கணக்குப் பார்க்கப் பக்கத்துக் காம்பறாப் பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களோடு பேசாமல் இருக்க முடியவில்லை.

சகோதரிகளே, இழப்புகளைக் கண்ட பிள்ளைகள் ஒரு சிறிய உயிரைப் பிடித்துக்கொள்வது இயல்பு. அதைக் கண்டதும் எறியாதீர்கள், ஏசாதீர்கள். என்ன பிராணி, அதற்குரிய இடம் எது என்று முதலில் விசாரியுங்கள். கோழி, ஆடு, முயல் போன்ற வீட்டுப் பிராணிகளானால் பராமரிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். காட்டுப் பிராணியானால் நீங்களாக ஏதோ ஓரிடத்தில் விடாமல், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். வரண்ட பிரதேசத்தில் வாழ்பவர்கள் வேலியில் பச்சோந்தியைக் கண்டால் கல்லெறிய வேண்டாம். அதற்கு நஞ்சு இல்லை. பிள்ளைகளை நான்கடி தள்ளி நிறுத்திக் காட்டுங்கள். எப்படியிருந்தாலும் பிரிவைப் பிள்ளைக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். விடைபெற்றுப் பிரிவதும், போனது எங்கே இருக்கிறது என்று அறிவதும் பிள்ளைக்குள்ள உரிமைகள். அவை மறுக்கப்பட்ட வீடுகள் நம்மிடையே எத்தனை!

அந்தச் சிறுவன் இப்போது வளர்ந்து வேலைக்குப் போகிறான். சென்ற முறை போனபோது அவனுடைய தாய் தன் பிளாஸ்டிக் கோவையை எடுத்துக் காட்டினார். கணவரின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, அவரைத் தேடி அனுப்பிய கடிதங்களின் பிரதிகள். அவற்றுக்கு நடுவே, நான்காக மடித்த அந்தத் தாளும் இருந்தது.

"இதொண்டுக்குத்தான் மிஸ் மறுமொழி கிடைச்சது" என்றார்.